உமரி நட்ட கொல்லை

ஊரப்பாக்கத்தில் வீடு கட்டிக் குடிவந்ததும் என் கணவருக்கு ஒரு சிக்கன யோசனை தோன்றியது. ஆர்.ஓ. மிஷின் வெளியே தள்ளும் கழிவு நீரை வீணாக்காமல், குழாய் போட்டுக் கொல்லைக்கு விட்டார். வருகிறவர்களிடமெல்லாம் அதைக் காட்டிப் பெருமைப்பட்டுக்கொண்டார். எங்கள் போர் தண்ணீரே உப்பு. நல்ல தண்ணீரை நாங்கள் குடித்துவிட்டு, உப்பையெல்லாம் செடிகளுக்கு ஊற்றிக்கொண்டிருந்தோம். சொன்னால் கேட்கிற ஆளா அவர்! முதலில் கறிவேப்பிலை போனது, பிறகு செம்பருத்தி. கடைசியில் தரையே வெள்ளை பூத்துவிட்டது.

வீடு கட்டிய மேஸ்திரி வந்து பார்த்தார். "இன்னா சார், ஃபுல்லா உப்பு பூத்துகினு கீது. இந்த மண்ணு செத்துப்போச்சு. கல்லு போட்டு மூடிட்டா பேஜாரே இல்ல."

என் கணவர் தலையாட்டினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பொத்தேரிப் பக்கம் ஒரு கல்லூரியில் நுண்ணுயிரியல் பாடம் எடுக்கிறவள் நான். என் வீட்டு மண்ணுக்கே சமாதி கட்டப் பார்க்கிறார்கள்.

"மழை முடியற வரைக்கும் டைம் கொடுங்க. அப்பவும் செத்த மண்ணாவே இருந்தா மூடிக்குங்க," என்றேன்.

"சாம்பிள் காட்டினாதான் ஒத்துப்பேன்," என்றார் கணவர். திருமுடிவாக்கத்துப் பட்டறை ஒன்றில் தரம் பார்க்கிற வேலை அவருக்கு. கத்தரிக்காய் வாங்கினாலும் நாலு பக்கமும் திருப்பிப் பார்ப்பார்.

முதல் வேலையாக அந்தக் குழாயைப் பிடுங்கினேன். முட்டுக்காடு உப்பங்கழி ஓரத்திலிருந்து உமரி நாற்றுகள் கொண்டுவந்து பாதி இடத்தில் நட்டேன். மீதிப் பாதியைச் சும்மா விட்டேன். உமரிக்கு உப்பு மண்தான் சொந்த வீடு. உப்பை உறிஞ்சி இலையில் வைத்துக்கொள்ளும். வேரிலிருந்து கசியும் சத்தைத் தின்ன பாக்டீரியாக்கள் வந்து சேரும். வகுப்பில் இதை எத்தனையோ முறை அடித்துச் சொல்லியிருக்கிறேன். சொந்தக் கொல்லை என்றதும் உள்ளூர உதறல்தான்.

"எல்லாரும் ரோஜா வைப்பாங்க, நீ களை வைக்கிற," என்று சீண்டினார் கணவர். ஆனால் வேலை விட்டு வந்ததும் நேராகக் கொல்லைக்குத்தான் போவார். ஒருநாள் இலையைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டு, "ஆமா, உப்பாதான் இருக்கு," என்றார்.

மழை ஓய்ந்தது. இரண்டு பாதியிலும் ஒரே அளவு மண் எடுத்துப்போய்க் கல்லூரியில் கரைத்து, பாக்டீரியா வளர்க்கும் தட்டுகளில் இட்டேன். சில நாளில் வெறும் மண்ணின் தட்டில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் புள்ளிகள் தெரிந்தன. உமரி வேர் மண்ணின் தட்டிலோ வெள்ளை, மஞ்சள், ஆரஞ்சு என்று அடைத்துக்கொண்டு கிடந்தன. ஆய்வகத்தில் தனியாக நின்று சிரித்தேன். இரண்டையும் போனில் படம் பிடித்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்தால் மேஸ்திரி வாசலில் கல் இறக்கிக்கொண்டிருந்தார். போனைக் கணவரிடம் நீட்டினேன். அவர் படத்தைப் பெரிதாக்கி, இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"ஒவ்வொரு புள்ளியும் ஒரு பாக்டீரியாவா?"

"ஒண்ணுலேர்ந்து பெருகின கூட்டம்."

போனை என்னிடம் கொடுத்துவிட்டு மேஸ்திரி பக்கம் திரும்பினார். "கல்லைக் கார் நிக்கற இடத்துல மட்டும் போடுங்க. பின்னாடி வேணாம், அங்க ஆள் குடியிருக்காங்க."

அவரை அங்கேயே கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. மேஸ்திரி பக்கத்திலேயே நின்றதால் காபி போட உள்ளே போனேன்.