ராஜகிரி மலையில் என் மகள் பதில் சொன்ன செபம்

என் மகளை ராஜகிரி மலையில் தனியாக விட்டுவிட்டு வந்தார்கள். இதைச் சொல்லும்போது இன்றும் எனக்குக் கோபம் வருகிறது.

ஜெனிபர் செஞ்சியில் கன்னியர் நடத்தும் பள்ளியில் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். போன கார்த்திகையில் ஒரு சனிக்கிழமை, பிள்ளைகளை ராஜகிரிக் கோட்டைக்குச் சுற்றுலா கூட்டிப்போனார்கள். அதே சபைக் கன்னியர் நடத்தும் வெளியூர்ப் பள்ளியும் அன்றைக்கே வந்திருக்கிறது. இரண்டுக்கும் ஒரே சீருடை. திரும்பும்போது அவர்கள் பிள்ளை ஒருத்தி எங்கள் வரிசையில் நின்றிருக்கிறாள். டீச்சர் தலையை எண்ணினார், முகத்தைப் பார்க்கவில்லை. கணக்குச் சரியாக இருந்ததாம்! பள்ளிக்கு வந்து இறங்கி அந்தப் பிள்ளை அழுத பிறகுதான் என் பிள்ளை இல்லாதது தெரிந்தது.

பள்ளி வாசலிலேயே தலைமை ஆசிரியை சிஸ்டரை வாய்க்கு வந்தபடி பேசினேன். கத்திக் கத்தியே என் தொண்டை கட்டிப்போனது. அவர் உடனே டீச்சர்களோடு மலைக்குக் கிளம்பினார். செய்தி பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் போனதும் சிங்கவரத்திலிருந்தும் அனந்தபுரத்திலிருந்தும் பைக்கில் ஆட்கள் வந்தார்கள். பாதிப்பேர் எங்கள் மாதா கோயில் பக்கமே வராத வேறு மதத்தவர்கள். கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தார்கள்.

சிஸ்டர்கள் ஒரு பக்கம் தேட, நான் ஆண்களோடு இன்னொரு பக்கம் ஏறினேன். எல்லோரும் "ஜெனிபர், ஜெனிபர்" என்று கூப்பிட்டார்கள். பதிலே இல்லை. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. தொண்டை கட்டியதால் என்னால் கூப்பிடவும் முடியவில்லை. படியில் உட்கார்ந்து மாதாவோடு சண்டைக்குப் போனேன்.

"உம்புள்ள கோயில்ல காணாமப் போனப்ப நீ எப்படி அலைஞ்ச? உனக்குக் கெடைச்சான் இல்ல? எனக்கு இன்னா பதில் சொல்லப்போற?"

கெஞ்சவில்லை. நேர்ச்சையும் வைக்கவில்லை. எனக்கு அவ்வளவு ஆத்திரம்.

எங்களோடு தரணேந்திரன் வந்திருந்தார். மல்லாட்டை, அதாவது நிலக்கடலை வியாபாரம் செய்யும் ஜெயின் குடும்பத்துக்காரர். அவர் மகளும் ஜெனிபரும் ஒரே வகுப்பு. அவர் திடீரென்று பெயர் சொல்லிக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டு, உரத்த குரலில் "அருள் நிறைந்த மரியே" என்று ஆரம்பித்தார். முதல் பாதியைச் சொல்லிவிட்டு நின்றார்.

பாறைகளுக்குக் கீழேயிருந்து "புனித மரியே" என்று ஒரு சின்னக் குரல் கேட்டது. மற்றவர்கள் பதிலாகச் சொல்லும் மீதிப் பாதியை ஆமென் வரைக்கும் சொன்னது.

இரண்டு பாறைக்கு நடுவில் சறுக்கி விழுந்து, கால் வீங்கிக் கிடந்தாள். வேட்டிகளை முடிந்து இறக்கித் தூக்கினார்கள். இத்தனை நேரம் ஏன் வாய் திறக்கவில்லை என்று கேட்டேன். "தெரியாத ஆளுங்க பேரு சொல்லிக் கூப்ட்டா பதில் பேசக்கூடாதுன்னு சிஸ்டர் சொன்னாங்கம்மா" என்றாள். அதற்கும் எனக்குக் கோபம்தான் வந்தது. அங்கே வந்து சேர்ந்த தலைமை ஆசிரியை சிஸ்டர் அதைக் கேட்டு உடைந்து அழுதார்.

எங்கள் செபம் எப்படித் தெரியும் என்று தரணேந்திரனைக் கேட்டேன்.

"எம்பொண்ணுதாம்மா கிளாஸ்ல ஆரம்பிக்கிறது. வீட்லயும் அதையே சொல்லிக்கினு இருக்கும். எனக்கு மொதப் பாதிதான் தெரியும். அதைச் சொன்னா மீதிய சொல்லாம எந்தப் புள்ளயும் இருக்காதுன்னு தோணுச்சு."

இப்போது பள்ளி எங்கே கூட்டிப்போனாலும் பெற்றோர்களும் கூடப் போகிறோம். ஒவ்வொரு முகத்தையும் பார்த்துத்தான் வண்டியில் ஏற்றுகிறோம். சிஸ்டரும் நானும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கிறோம். என் கோபம் முழுசாகத் தீரவில்லை என்பது அவருக்கும் தெரியும். அன்று மலையேறிய ஒவ்வொருவருக்காகவும் தினமும் செபிக்கிறேன்.

சகோதர சகோதரிகளே, உங்கள் வாயில் நல்ல வார்த்தை வராவிட்டால் இருக்கிற கோபத்தையே கொண்டுபோய்க் கொட்டுங்கள். அன்று பேசியதற்கு நான் மாதாவிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. அவளும் பிள்ளையைத் தொலைத்துத் தேடியவள். அவளுக்குப் புரியும்.