தெருவின் காய்ந்த முனை

அந்த வீடியோ அரை நிமிடம்கூட ஓடாது. அதில் பொய்யாக ஒரு சொல்லும் கிடையாது. சென்னை ஓரத்து நூம்பலில் எங்கள் தெரு, காலை பத்து மணி, மழை விட்டிருக்கிறது, தார் ரோடு ஈரமாக இருக்கிறது, ஒரு பால் வண்டி தடையில்லாமல் போகிறது. “பாருங்க, வண்டியெல்லாம் நல்லா போகுது” என்று என் குரல் கேட்கும். தண்ணீர் எங்கேயும் நிற்கவில்லை என்று நான் சொல்லவே இல்லை. இத்தனை நாளாக இதையே சொல்லி என்னை நானே சமாதானப்படுத்திப் பார்க்கிறேன். வெட்கம் போகிற வழியைக் காணோம்.

எங்கள் தெரு மெயின் ரோட்டுப் பக்கம் மேடு, உள்ளே வர வரப் பள்ளம். எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பு பள்ளத்தின் கடைசியில் இருக்கிறது. திருநெல்வேலியிலிருந்து ஐடி வேலைக்கு வந்தவள் நான். ஏப்ரல் மாதத்தில் வீடு பார்த்து ஏப்ரல் மாதத்திலேயே பத்திரம் முடித்தேன். மழைக்காலத்தில் வந்து பார்க்கவேண்டும் என்கிற புத்தி மழைக்காலத்தில்தான் வந்தது. நல்லவேளை, இரண்டாவது மாடி.

தரைத்தளத்தில் ஒரு அண்ணனும், நான் அக்கா என்று கூப்பிடும் அவர் மனைவியும். அண்ணன் நூம்பலிலேயே பிறந்தவர், அம்பத்தூர் எஸ்டேட்டில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட, வாரத்தில் மூன்று நாள் பூந்தமல்லிக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொள்வார். குடிக்கிற தண்ணீரைக்கூட டம்ளரில் அளந்து குடிப்பார். அவர் ஒரு கட்சி. நான் அதற்கு நேர் எதிர். இரண்டு பேருக்குமே உறுப்பினர் அட்டை கிடையாது, ஆனால் சண்டைக்குக் குறைவில்லை.

“இன்னாமா, இன்னிக்கு உன் டிவில இன்னா சொல்றான்?” என்று மாடிப்படியில் மடக்குவார்.

“உங்க டிவிய விட ஜால்ரா கம்மியாத்தாண்ணா அடிக்கிறான்” என்பேன்.

இரண்டு சேனலையும் மாற்றி மாற்றிப் பார்த்தால் ஒரே ஊரில் இரண்டு மழை பெய்வது போலிருக்கும். ஒன்றில் ‘தத்தளிக்கும் சென்னை’, இன்னொன்றில் ‘போர்க்கால நடவடிக்கை’. ஆட்சி மாறினால் இந்த இரண்டு தலைப்பும் இடம் மாறி உட்கார்ந்துகொள்ளும், அவ்வளவுதான். அவருடைய சேனல் இப்படிச் செய்யும்போது கை கொட்டிச் சிரிப்பேன். எங்கள் சேனல் செய்யும்போது, பாவம், நம் ஆட்கள் இப்போதுதானே வந்திருக்கிறார்கள், கொஞ்சம் அவகாசம் கொடுக்கவேண்டாமா என்று தோன்றும். உண்மையாகவே அப்படித் தோன்றும், நடிப்பெல்லாம் இல்லை.

அவர் கட்சி ஆண்டபோது ஒரு மழையில் தெருவே மூழ்கியது. நான் முழங்கால் தண்ணீரில் இறங்கி நின்று, போனை நீர்மட்டத்துக்குத் தாழ்த்திப் பிடித்து வீடியோ எடுத்தேன். அப்படிப் பிடித்தால் முழங்கால் தண்ணீர் ஏரியாகத் தெரியும். தொண்டை கிழியக் கத்தினேன். எங்கள் சேனல் அன்று முழுக்க அதை ஓட்டியது. மறுநாளே தண்ணீரை இறைக்க மோட்டார் வந்தது.

“எங்க ஆளுங்க மானத்த வாங்கிட்ட. ஆனா மோட்டார் வந்துச்சா இல்லியா? நல்லா இரு” என்றார் அண்ணன். அன்றிலிருந்து தண்ணீர் விஷயத்தில் அவருக்கு என் பேச்சுதான் வேதவாக்கு. “ரெண்டு டிவிக்காரனும் புளுகுவான். இந்தப் பொண்ணு சொன்னா கரெக்டா இருக்கும்” என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வார். எனக்குப் பெருமை பிடிபடாது.

பிறகு நான் ஓட்டுப் போட்ட கட்சி ஆட்சிக்கு வந்தது. மழையும் வந்தது.

முதல் நாள் மழையிலேயே அண்ணனையும் அக்காவையும் அம்பத்தூரிலிருந்த மகள் வந்து கூட்டிப்போய்விட்டாள். மூன்றாம் நாள் காலை எங்கள் கேட்டுக்கு முன்னால் முழங்கால் தண்ணீர். அண்ணனின் சேனல் சென்னையே முடிந்துபோனது போல ஓலமிட்டுக்கொண்டிருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த நேரம் பார்த்து எங்கள் சேனல் நிருபர் அழைத்தார்.

“அக்கா, உங்க ஏரியால இந்த வருஷம் பிரச்சினை இல்லைன்னு ஒரு வீடியோ கிடைக்குமா? அன்னைக்குத் திட்டின அதே அக்கா இன்னைக்குப் பேசினா சூப்பரா இருக்கும்.”

நான் என்ன செய்தேன் தெரியுமா? முழங்கால் தண்ணீரில் நடந்து, மேட்டுப் பக்கம் போய்ச் சேர்ந்து, பள்ளத்துக்கு முதுகைக் காட்டி நின்று எடுத்தேன். என் பேண்ட்டிலிருந்து சேற்றுத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. போனை இந்தத் தடவை தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தேன். நிருபருக்கு அனுப்பிய கையோடு எங்கள் குடியிருப்பு வாட்ஸ்அப் குரூப்பிலும் போட்டேன். மாடிக்காரர்கள் இரண்டு பேர் கைதட்டும் பொம்மை போட்டார்கள். கீழ்வீட்டுக்காரர்கள் யாரும் ஊரில் இல்லை.

மதியம் மூன்று மணிக்கு ஒரு ஆட்டோ தெருவுக்குள் வந்து, தண்ணீர் தொடங்கிய இடத்தில் நின்றது. அதிலிருந்து அண்ணனும் அக்காவும் இறங்கினார்கள். மழை விட்டிருந்ததால் தண்ணீர் கெண்டைக்கால் அளவுக்கு இறங்கியிருந்தது. நான் படியிறங்கி ஓடினேன்.

“இன்னாமா, வீடியோல காஞ்சி கெடந்துச்சே?” என்றார் அண்ணன். “அதப் பாத்துத்தான் கெளம்பி வந்தோம். நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு டயாலிசிஸ் கீது. பொண்ணு ஊட்லேர்ந்து போறத விட இங்கேர்ந்து போனா பக்கம்.”

அக்கா ஆட்டோவைப் பிடித்தபடியே நின்றாள். “எம்மா, நாங்க வேணா திரும்பிடட்டுமா? இப்பதான் ஏறுதா, இல்ல காலைலேர்ந்தே கீதா?”

ஆட்டோவின் இன்ஜின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. காலையில் இதைவிட அதிகம் இருந்தது அக்கா, திரும்பிப் போய்விடுங்கள் என்று சொல்ல ஒரு மூச்சு போதும். அண்ணனின் முகத்தைப் பார்த்தேன். அவர் சிரிக்கப்போகிற சிரிப்பும், இனி ஆயுசுக்கும் மாடிப்படியில் கேட்கப்போகிற கேலியும் கண்முன் வந்தன. அவரிடம் தோற்க எனக்கு மனம் வரவில்லை.

“இப்பதான்க்கா லேசா வந்திருக்கு. சாயங்காலத்துக்குள்ள வடிஞ்சிடும்” என்றேன்.

ஆட்டோ திரும்பிப் போனது.

ஐந்து மணிக்கு மழை மறுபடி பிடித்துக்கொண்டது. இருட்டுவதற்குள் அவர்களை என் வீட்டுக்கு ஏற்றினோம். விடிந்தபோது கீழே இடுப்பளவு தண்ணீர். ஏழு மணி ஆனது, எட்டு ஆனது. அண்ணனால் படுக்க முடியவில்லை. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, வாயால் மூச்சு வாங்கினார். பாதம் இரண்டும் வீங்கிப்போயிருந்தன. உதவி எண்ணுக்கு அடித்து அடித்து அக்காவின் போன் சூடாகிவிட்டது. நான் நிருபரை அழைத்தேன்.

“ஐயோ, அக்கா, நேத்துதானே நீங்களே ஒண்ணும் இல்லைன்னு கொடுத்தீங்க. இன்னைக்கு மாத்திப் போட்டா அந்தச் சேனல்காரன் நம்மளக் கிழிச்சித் தொங்கவிடுவான். கொஞ்சம் பொறுங்க.”

அவரைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை? பால்கனியிலிருந்து புது வீடியோ ஒன்று எடுத்தேன். அதை எல்லோரும் பார்க்கிற மாதிரி ஃபேஸ்புக்கில் போட்டால் யாராவது வருவார்கள். போடப் போன விரல் நின்றது. நேற்றையதையும் இன்றையதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அண்ணன் கட்சி ஆட்கள் ஓட்டுவார்களே என்று யோசித்தேன். உள்ளே ஒரு மனிதர் மூச்சுக்குத் தவிக்கிறார், நான் இதை யோசிக்கிறேன். அரை மணி நேரம் யோசித்தேன். கடைசிவரை போடவில்லை.

அக்காவின் தம்பி சென்னீர்குப்பத்தில் ஒரு டிராக்டரைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தபோது மதியம் இரண்டு மணி. நாற்காலியோடு அண்ணனைத் தூக்கி ஏற்றினார்கள். மூன்று நாள் ஐசியூவில் இருந்தார். பிழைத்துக்கொண்டார். இருதயம் கொஞ்சம் பழுதாகிவிட்டது, இனி படி ஏறக்கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள்.

அவர் வீடு திரும்பியபின் பார்க்கப் போனேன். ஆப்பிள் வாங்கிக்கொண்டு போக இருந்து, அவருக்குப் பழம் ஆகாது என்பது நினைவுக்கு வந்து வெறுங்கையோடு போனேன். மகள் அம்பத்தூரிலிருந்து வந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள்.

“இவங்க வீடியோவப் பாத்துட்டுதானப்பா கெளம்பின? எங்க ஊட்லயே இருந்திருந்தா இப்டி ஆயிருக்குமா? அவங்க கட்சி பேரு கெடக்கூடாதுன்னு எடுத்துப் போட்டுருக்காங்க, அது கூடவா புரியல உனக்கு?”

அண்ணன் கையை உயர்த்தி அவளை அடக்கினார். ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் மூச்சு வாங்கவேண்டியிருந்தது அவருக்கு.

“சும்மா இருடி. அவ காலைல எடுத்தா. தண்ணி மத்தியானந்தான் வந்துச்சு. அதுக்கு அவ இன்னா பண்ணுவா? வேற கட்சின்றதுக்காக ஒருத்தர் மேல அபாண்டமா பழி போடக்கூடாது.” என் பக்கம் திரும்பினார். “நீ சொல்லுமா. மத்தியானந்தானே வந்துச்சு?”

மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அக்காவும் பார்த்தாள்.

“ஆமாண்ணா” என்றேன். “மத்தியானம்தான் வந்துச்சு.”