ஞானஸ்நானச் சட்டைக்கு அளவு கிடையாது

ஞானஸ்நானச் சட்டை தைக்கிற தொழிலில் ஒரு வசதி உண்டு, போட்டுக்கொள்கிறவர் குறை சொல்ல மாட்டார். ஒரு கஷ்டமும் உண்டு, அவரைத் தவிர மற்ற எல்லாரும் சொல்வார்கள்.

எங்கள் ஊர் நன்னிலம் பக்கம். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டாவது, அப்புறம் ஆறு மாதம் தையல் வகுப்பு, அப்புறம் கல்யாணம். வீட்டுக்காரர் குவைத்தில் டிரைவர். வீட்டில் மாமியார், யுகேஜி படிக்கிற மகள் ஷைனி, ஒரு வயது தாண்டிய மகன், முன்னறையில் மோட்டார் போட்ட தையல் மெஷின். பிளவுஸ், சுடிதார் எல்லாம் தைப்பேன். ஆனால் சுற்றுப்பட்ட ஊர்களில் கோயிலில் குழந்தைக்கு ஞானஸ்நானம் என்றால் வெள்ளைச் சட்டைக்கு என்னிடம்தான் வருவார்கள். ஒரு காலால் மெஷினை மிதித்து மறு காலால் தொட்டிலை ஆட்டுகிற சகோதரிகளே, உங்களுக்கு எதையும் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

மடிப்பு

பிளவுஸ் என்றால் அளவு பிளவுஸ் கொடுப்பார்கள். ஞானஸ்நானச் சட்டைக்குக் கொடுக்க ஒன்றுமில்லை. குழந்தை நாளுக்கு நாள் வளர்கிறது, விழா நாளுக்கு நாள் தள்ளிப்போகிறது. கீழத்தெருப் பெண் ஒருத்தி இரண்டு மாதக் குழந்தையோடு வந்தாள். அடுத்த ஞாயிறு விழா என்றாள். தைத்துக் கொடுத்தேன். ஞானத்தகப்பனாக நிற்க வேண்டிய தாய்மாமனுக்கு மலேசியாவில் லீவு கிடைக்கவில்லை. பிறகு சம்பா நடவு வந்தது. பிறகு தவக்காலம். கடைசியில் தேதி கிடைத்தபோது, அந்தக் குழந்தை எங்கள் வாசற்படியில் தானே ஏறி உள்ளே வந்தது.

பழைய சட்டையின் முதுகைப் பிரித்து ஒட்டுப் போட்டுச் சமாளித்தேன். அன்றிலிருந்து எந்தச் சட்டைக்கும் பக்கத் தையலிலும் கீழ்விளிம்பிலும் இரண்டு விரல் அகலத்துக்குத் துணியை உள்ளே மடித்து விடுகிறேன். ஒட்டு தெரிகிறதே என்று நானே சங்கடப்பட்டபோது அவள் சொன்னாள்: "விடுங்கக்கா, புள்ளைக்குப் பொருந்தலன்னாலும் ஃபோட்டோவுக்குப் பொருந்துனா போதும்."

முதுகு ஜிப்

தொழிலுக்கு வந்த புதிதில், கழுத்து வரை மூடி, முதுகில் ஜிப் வைத்து, முன்பக்கம் முழுக்க லேஸ் அடுக்கி ஒரு கவுன் தைத்தேன். அது இருந்த அழகைப் பார்க்கவே விழாவுக்குப் போனேன். தண்ணீர் ஊற்றுவதற்கு முன்னால் குழந்தையின் நெஞ்சில் எண்ணெய் பூசுவார்கள். எத்தனையோ ஞானஸ்நானத்துக்குப் போயிருக்கிறேன், அதைக் கவனித்ததே இல்லை. நான் பார்த்ததெல்லாம் சட்டையை.

ஃபாதர் விரலில் எண்ணெயைத் தொட்டுக்கொண்டு நிற்கிறார். நெஞ்சைக் காணோம். தாய் ஜிப்பை இழுக்க, லேஸ் அதில் மாட்டிக்கொண்டது. ஞானத்தாய் இழுக்க, குழந்தை வீறிட்டது. கடைசியில் கவுனைக் கீழேயிருந்து மேலே சுருட்டி, முகத்தை மூடி, நெஞ்சைக் கண்டுபிடித்தார்கள். நான் நாலாவது வரிசையில் முக்காட்டை இன்னும் கொஞ்சம் இழுத்து விட்டுக்கொண்டேன். ஃபாதர் யாரையும் பார்க்காமல் சொன்னார்: "இதத் தைச்சவங்கள, ஒரு ஞானஸ்நானத்துக்காவது முன்வரிசையில வந்து உக்காரச் சொல்லுங்க."

கடையைப் பார்த்துக்கொண்டது

வெள்ளைத் துணி எடுக்கக் கூத்தாநல்லூருக்குப் போவேன். அங்கே ஒரு பாய் கடை. குழந்தைக்கு என்று சொன்னால் சாட்டினை எடுத்துப் போடவே மாட்டார், "உறுத்தும்மா" என்று மெல்லிசான காட்டனைத்தான் விரிப்பார். ஒரு நாள் துணியைப் பாதி விரித்திருக்கும்போது பாங்கு சொல்லிவிட்டார்கள். வேலைக்கு இருக்கிற பெண் அன்றைக்கு வரவில்லை. நான் ஐந்து வருஷ வாடிக்கை. கத்தரிக்கோலை என் பக்கம் தள்ளிவிட்டு, தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு கிளம்பினார்.

தொழுகைக்காகக் கடையையே விட்டுவிட்டுப் போகிறாரே, என்னால் மெஷினை விட்டு எழுந்திருக்க முடியவில்லையே என்று கொஞ்சம் குறுகுறுப்பாக இருந்தது. அவருக்கு அந்த மாதிரி யோசனை எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. படியிறங்கினவர் திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "யாராச்சும் வந்தா உக்கார வைங்கம்மா. வெலைய மட்டும் நீங்களா கொறச்சிராதீங்க."

கறை

ஒரு டீச்சரம்மா ஞானஸ்நானம் முடிந்த மறுநாளே சட்டையைத் திருப்பிக் கொண்டுவந்தார். உச்சந்தலையில் பூசுகிற எண்ணெய் வழிந்து கழுத்துப் பட்டியில் இறங்கியிருந்தது. தங்கை குழந்தைக்கும் இதையே போட வேண்டும், கறையை எடுத்துக் கொடு என்றார். சீயக்காய், எலுமிச்சம்பழம், பாத்திரம் தேய்க்கிற சோப்பு எல்லாம் பார்த்தாகிவிட்டது. கறை கொஞ்சம் பரவியதே தவிரப் போகவில்லை. வாசனையும் அப்படியே இருந்தது.

எனக்கு ஹெம்மிங் செய்து தருகிற பக்கத்து வீட்டுச் செல்வி அக்காவிடம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர்கள் குத்தகைக்கு நெல் போடுகிற குடும்பம், அம்மன் கோயில் கும்பிடுகிறவர்கள். வெள்ளைச் சட்டையைக் குழந்தைக்குக் கொடுக்கும்போது, இதைக் கடைசிவரை மாசில்லாமல் கொண்டுபோய்ச் சேர்க்கணும் என்று ஃபாதர் சொல்வார் என்றும் சொன்னேன். அக்கா ஊசியை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "அழுக்காக்காம வச்சுக்கன்னும் சொல்றது, அவங்களே எண்ணெயையும் ஊத்துறதுன்னா, எதத்தாங்க பத்திரமா வச்சுக்கணும்?"



சாட்சி

ஊர்க் குழந்தைகளுக்கெல்லாம் தைத்தேன், என் மகனுக்குப் பத்து மாதமாகியும் ஞானஸ்நானம் ஆகவில்லை. அவன் அப்பா வரட்டும் என்று இருந்தோம். பிப்ரவரியில் பதினைந்து நாள் லீவு கிடைத்தது. அதை விட்டால் அடுத்த லீவு இரண்டு வருஷம் கழித்து. அதுவரை விட்டால் பையன் தானே நடந்து போய் ஞானஸ்நானம் வாங்கிக்கொள்வான்.

பெயர் கொடுக்க மாமியாரோடும் ஷைனியோடும் கோயில் பங்கு அலுவலகத்துக்குப் போனேன். ஃபாதர் நோட்டைத் திறந்து பெயர், பிறந்த தேதி எல்லாம் கேட்டுவிட்டு, "வீட்டுல தினமும் குடும்ப செபம் உண்டா?" என்றார். மாமியார் கூரையைப் பார்த்தார். அவர் தனியாகச் செபமாலை சொல்வார், நான் மெஷின் சத்தத்தில் "ம்" கொட்டுவேன். இதற்கு உண்டு என்பதா, இல்லை என்பதா என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போதே ஷைனி சொல்லிவிட்டாள்: "உண்டு ஃபாதர். அம்மா மெஷின நிறுத்துற அன்னிக்கு."

ஃபாதர் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. பேனாவை மூடி வைத்தார். "தண்ணி ஊத்துறது எனக்கு ரெண்டு நிமிஷ வேலைம்மா. புள்ளைய எந்த வீட்டுக்குத் திருப்பி அனுப்புறேன்னு எனக்குத் தெரியணும்" என்றார். வீட்டுக்காரருக்கு லீவு கம்மி ஃபாதர் என்று கெஞ்சினேன். பிப்ரவரிக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறதே என்றார். "ஒரு மாசம் எல்லாரும் சேர்ந்து செபிச்சிட்டு வாங்க. உங்கள நான் கேக்க மாட்டேன். இந்தப் பாப்பாவத்தான் கேப்பேன்."

ஐம்பத்து மூன்று

அந்த மாதம் எனக்குச் சீசன். தவக்காலத்துக்குள் முடிக்க வேண்டும் என்று எல்லாரும் ஒரே நேரத்தில் வருகிற மாதம். போதாததற்கு அறுப்பு மெஷின் ரோட்டில் போய்வந்து புழுதி கிளப்ப, வெள்ளைத் துணியை வெளியே காயப்போட்டால் வைக்கோல் நிறத்தில் திரும்பி வரும். தினமும் ஏழு மணிக்குச் செபத்துக்காக மெஷினை நிறுத்தினால் கட்டுபடியாகாது. ஆகவே மோட்டாரைக் கழற்றிவிட்டேன், சத்தம் வராது பாருங்கள். மெதுவாகக் காலால் மிதித்துக்கொண்டே செபத்தில் கலந்துகொண்டேன். ஒரு செபமாலைக்கு ஐம்பத்து மூன்று அருள்நிறை மந்திரம். நாலாவது நாளில், ஒரு செபமாலைக்கு ஒரு சட்டையின் முன்பக்கம் முடியும் என்று கண்டுபிடித்துச் சந்தோஷப்பட்டேன்.

அன்றைக்குச் செபம் முடிந்து சட்டையைத் தூக்கிப் பார்த்தால், எண்ணெய் பூச வேண்டிய முன் திறப்பை மேலிருந்து கீழ்வரை அழகாகச் சேர்த்துத் தைத்து மூடியிருந்தேன், அதுவும் இரட்டைத் தையல். வாடிக்கைக்கு வேறு துணியில் தைத்துக் கொடுத்தேன். இதைப் பிரித்து என் மகனுக்கு என்று எடுத்து வைத்தேன். மாமியார் மணிமாலையை டப்பாவில் வைத்துக்கொண்டே சொன்னார்: "மாதாவ அம்பத்து மூணு தடவ கூப்புட்ட. கையில இருக்கிறத ஒரு தடவ குனிஞ்சு பாத்தியா?"

மறுநாளிலிருந்து மெஷின் மேல் உறை போட்டேன்.

நாலரை மணி

இங்கே ஏழு என்றால் குவைத்தில் நாலரை. எல்லாரும் சேர்ந்து என்று ஃபாதர் சொன்னதால், வீட்டுக்காரரையும் வீடியோ காலில் சேர்த்தோம். போனை மாதா படத்துக்குக் கீழே, மெழுகுவர்த்தி ஸ்டாண்டில் சாய்த்து வைப்போம். அவர் வண்டியை நிழலில் நிறுத்திவிட்டு, இறங்கி நின்று சொல்வார். சிக்னல் இழுத்து இழுத்து வரும். நாங்கள் ஒரு மந்திரத்தை முடித்து அடுத்ததைத் தொடங்கும்போது அவருடைய "ஆமென்" வந்து சேரும். ஷைனி ஒவ்வொரு முறையும் நிறுத்திக் காத்திருப்பாள். பதினைந்து நிமிஷச் செபம் இருபத்தைந்து நிமிஷமாயிற்று.

பத்து நாள் இப்படிப் போயிற்று. கூட வேலை பார்க்கிற பட்டுக்கோட்டைக்காரர் ஒருவர் தள்ளியிருந்து தினமும் இதைக் கவனித்திருக்கிறார். ஒரு நாள் பொறுக்காமல் வந்து தோளில் கை வைத்தது எங்களுக்கே போனில் தெரிந்தது. குரலும் கேட்டது: "என்ன மாப்ள, டெய்லி இந்நேரம் வீட்டுல வாங்கிக் கட்டிக்கிற? ஒரு வார்த்தை எதுத்துப் பேசாம தலையக் குனிஞ்சே நிக்கிறியே!"

ஏழு மணி

ஒரு சனிக்கிழமை, சரியாக ஏழு அடிக்கும்போது ஒரு பெண் ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். மறுநாள் காலை ஞானஸ்நானம், சட்டையின் கை இறுக்குகிறது, பத்து நிமிஷத்தில் பிரித்துக் கொடுங்கள் என்றாள். நான் மெஷின் உறையில் கை வைத்தேன். முடித்துவிட்டுச் செபம் சொல்லலாம் என்றேன். அப்படி முடித்துவிட்டுச் சொன்ன நாள் எங்கள் வீட்டில் கிடையாது என்பது ஷைனிக்குத் தெரியும். "அப்ப ஃபாதர் கேட்டா நான் என்ன சொல்லணும்?" என்றாள். உறையிலிருந்து கையை எடுத்தேன்.

வந்தவளைக் காத்திருக்கச் சொன்னேன். முகம் சுருங்கினாலும் பாயில் வந்து உட்கார்ந்தாள். செபத்தின் கடைசியில் மாமியாருக்கு ஒரு பழக்கம் உண்டு, கொடியில் தொங்குகிற சட்டைகளை வரிசையாகப் பார்த்து, அந்தந்தக் குழந்தைக்காக வேண்டிக்கொள்வார். மேலத்தெருப் பாப்பாவுக்குச் சளி விடணும், மணக்கால் பையனுக்கு ராத்தூக்கம் வரணும் என்று. அன்றைக்கு இவளுடைய குழந்தையின் பெயரைக் கேட்டு அதற்கும் வேண்டினார். கையைப் பிரித்துத் தைத்துக் கொடுத்தபோது அவளுக்கு அவசரம் போய்விட்டிருந்தது. வாசலில் நின்று சொன்னாள்: "பிரியாணிக்குச் சொல்லியாச்சு, பந்தல் போட்டாச்சு, எல்லாம் பண்ணிட்டோம்னு நெனச்சேங்க. புள்ளைக்காக நாங்க இன்னும் ஒரு தடவகூட வேண்டிக்கல."

சிக்னல்

வீட்டுக்காரர் வந்து இறங்கிய மறுநாள் ஃபாதரிடம் போனோம். சொன்னபடியே எங்களை விட்டுவிட்டு ஷைனியைக் கேட்டார். அவள் யோசித்துத்தான் சொன்னாள்: "தினமும் சொன்னோம் ஃபாதர். ஒரு நாள் நான் பாதியில தூங்கிட்டேன். அத மட்டும் எழுதிக்காதீங்க." அவர் பேனாவைத் திறந்து எங்கள் மகன் பெயரை எழுதினார்.

ஞாயிற்றுக்கிழமை. மகனுக்கென்று எடுத்து வைத்த சட்டையில் மடித்து விட்டிருந்த துணி அத்தனையும் பிரித்தாகிவிட்டது. இனி ஒரு நூல்கூட விட முடியாது, அப்படியும் முழங்காலுக்கு மேலே நின்றது. முன் திறப்பு மட்டும் சரியாக இருந்தது, எண்ணெய் பூச ஃபாதருக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. பிறகு, தீயதையெல்லாம் விட்டுவிடுகிறீர்களா என்று பெற்றோரையும் ஞானப்பெற்றோரையும் கேட்டார். "விட்டுவிடுகிறோம்" என்றோம் நாங்கள் மூன்று பேர். இரண்டு நொடி கழித்து என் பக்கத்திலிருந்து தனியாக ஒரு "விட்டுவிடுகிறோம்" வந்தது. அடுத்த கேள்விக்கும் அப்படியே. ஒரு மாதம் குவைத்திலிருந்து சொல்லிச் சொல்லி, மனிதருக்கு இரண்டு நொடி தள்ளிச் சொல்லியே பழகிவிட்டது. பின்வரிசையில் சிரித்தார்கள். ஃபாதர் மூன்றாவது கேள்வியைத் தொடங்கிவிட்டு நிறுத்தினார். ஷைனி அப்பா கையைப் பிடித்து இழுத்து, கோயில் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னாள்: "அப்பா, இங்க சிக்னல் நல்லாத்தான் இருக்கு. சேர்ந்து சொல்லுப்பா."

சேர்ந்து சொன்னோம். அவருடைய சத்தம் கம்மியாகத்தான் வந்தது, ஆனால் நேரத்துக்கு வந்தது. அந்தச் சட்டையின் கழுத்தில் எண்ணெய் இறங்கியிருந்தது. துவைக்கவில்லை, அப்படியே மடித்து வைத்தேன். எதைப் பத்திரமாக வைப்பது என்று கேட்ட செல்வி அக்காவிடம் அதை எடுத்துக் காட்டினேன், மோந்து பார்த்துவிட்டு, "இந்த வாசனையத்தான் போல" என்று திருப்பிக் கொடுத்தார்.

பதினைந்து நாளில் வீட்டுக்காரர் குவைத்துக்குத் திரும்பிப் போய்விட்டார், சட்டை இரண்டே மாதத்தில் பையனுக்குப் பத்தாமல் போய்விட்டது, இந்த ஏழு மணி மட்டும் ஒரு நாள் லீவு போடாமல் தினமும் வந்துகொண்டே இருக்கிறது.