அத்தா கட்டிய மதிலும் அடுத்த வீட்டு வாசலும்

நாற்பதாம் நாள் ஃபாத்திஹாவுக்கு வந்திருக்கும் உறவினர்களும் நண்பர்களும் முதலில் எங்கள் அத்தா அவர்களுக்காகத் துஆச் செய்யுங்கள். அத்தாவை அறியாதவர் கையில் இந்த நினைவு மலர் போய்ச் சேரப் போவதில்லை. ஆகவே அவர்களைப் பற்றி நான் பெரிதாக அளக்கத் தேவையில்லை. மூத்த மகன் என்ற முறையில் எழுத உட்கார்ந்தால், துக்கத்தை முந்திக்கொண்டு வெட்கம்தான் வந்து நிற்கிறது.

அத்தா பிறந்தது இந்தப் பினாங்கில்தான். இராமநாதபுரம் சீமையிலிருந்து கப்பலேறி வந்த எங்கள் பாட்டனார், ஆயர் ஈத்தாம் சாலையோரம் ஒரு தென்னந்தோப்பு வாங்கி, அதன் மூலையிலேயே அடங்கினார்கள். சிறு வயதில் தகப்பனை இழந்த அத்தா, துறைமுகத்தில் சரக்குப் படகுகளில் மூட்டை இறக்கிப் பிழைத்து, பின்பு சூலியா தெருவில் கப்பல்களுக்குச் சாமான் கொடுக்கும் கடை வைத்தார்கள். கடைச் சிப்பந்திகளோடு ஒரே சகன் தட்டைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டவர்கள். ஊரிலிருந்து வெறுங்கையோடு வந்து இறங்கிய எத்தனையோ பேருக்கு முதல் வேலை கொடுத்தவர்கள். அவர்களில் சிலர் இன்று சொந்தக் கடைக்காரர்கள், அவர்களுக்குத் தெரியும்.

வியாபாரம் படுத்தபோது தோப்பை விற்க நேர்ந்தது. வாங்கியவர் ஒரு சீனக் காய்கறித் தோட்டக்காரர். பாட்டனார், பாட்டி, எங்கள் அம்மா ஆகியோரின் கபர்கள் உள்ள மூலை மட்டும் விற்பனையில் சேராது என்று அத்தா பிடிவாதமாக நின்று, அதைச் சுற்றி மதிலும் எழுப்பினார்கள். கபருக்குப் போக ஒரு வழியும் விட்டு எழுதிக்கொள்ளுங்கள் என்று அந்தத் தோட்டக்காரரே சொன்னார். அத்தாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"எங்க அத்தாவப் பார்க்கப் போறதுக்கு ஒரு காய்கறிக்காரன்கிட்ட வழி எழுதி வாங்கணுமா?" என்று கடைக்கு வந்து சொன்னார்கள். கேட்ட எங்களுக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது.

பிறகு தோட்டக்காரர் மதிலுக்கு முன்னால் வீடு கட்டினார். ஒரு பக்கம் வேறொருவர் தோட்டத்து வேலி. மறுபக்கம் வீட்டுச் சாய்ப்புக்கும் ஓடைக்கும் நடுவே ஓர் ஆள் ஒடுங்கி நடக்கலாம். வெள்ளிக்கிழமைதோறும் அத்தா அப்படித்தான் போய்க் கபரருகே ஓதி ஜியாரத் செய்து வந்தார்கள். தோட்டக்காரர் இறந்தபோது எங்களில் ஒருவரும் அந்த வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போகவில்லை.

காய்ச்சலில் கிடந்த கடைசி நாட்களில் அத்தா கேட்டது ஒன்றுதான். "என்னைய உங்க அம்மா பக்கத்துல வச்சிருங்கப்பா." அவர்கள் மௌத்தானது சீனப் பெருநாளான புத்தாண்டின் இரண்டாம் நாள். குழி வெட்டியவர்கள் ஓடைக்கரையாகவே போய் வெட்டி முடித்துவிட்டார்கள். அத்தாவைச் சந்தூக்கில் சுமந்துபோய் நின்ற பிறகுதான், நான்கு பேர் தோள் கொடுத்தால் அங்கே கால் வைக்க இடமில்லை என்பது எங்களுக்கு உறைத்தது.

"வீட்டுக்குள்ள புகுந்து போனாத்தான் உண்டு. இல்லாட்டி பள்ளிவாசல் மையவாடிக்குத் திரும்ப வேண்டியதுதான்" என்றார்கள் அத்தாவின் தம்பியான எங்கள் சின்னத்தா.

"அவங்களுக்கு இன்னைக்குப் பெருநாளு, சின்னத்தா."

"தெரியும். நீ போய்க் கேளு தம்பி. எனக்கு வாய் வரல."

பெருநாளில் சாவு என்ற சொல்லையே சீனர்கள் வாயில் எடுக்க மாட்டார்கள். நானோ மையத்தையே கொண்டுபோய் வாசலில் நிறுத்தியிருந்தேன். தோட்டக்காரரின் மனைவி கதவருகே வந்தார். தெரிந்த மலாயில் சொல்லத் தொடங்கி, பாதியில் சந்தூக்கைக் கையால் காட்டினேன். உள்ளே விருந்தாளிகள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் மகன் சத்தம் போட்டார். அந்த அம்மா அவரை ஒரு பார்வை பார்த்து அடக்கினார். மேசையைச் சுவரோரம் தள்ளச் சொன்னார். மையம் கண்ணில் படாதபடி தங்கள் முன்னோர் படங்களைச் சிவப்புத் துணியால் மூடினார். பிறகு என்னிடம், "மாசோக்" என்றார். உள்ளே வாருங்கள் என்று. விருந்தாளிகள் எழுந்து போய்விட்டார்கள்.

முன்வாசலில் நுழைந்து, அடுப்படியைத் தாண்டி, பின்வாசலில் இறங்கினோம். கலிமா ஓதிக்கொண்டு போக வேண்டிய நான், அவர்கள் வீட்டுத் தரையைப் பார்த்தபடியே போனேன். அத்தாவை அம்மாவின் பக்கத்தில் அடக்கினோம்.

இதை எழுதப்போகிறேன் என்றதும், "மௌத்தானவங்க குறையப் பேசலாமாப்பா?" என்று சின்னத்தா தடுத்தார்கள். குறை அத்தாவுடையது மட்டும் என்றால் நானும் விட்டிருப்பேன். அது எங்கள் எல்லாருடைய குறை. கபரைக் காக்க மதில் கட்டிய குடும்பத்துக்கு, அதை ஒட்டிய வீட்டில் ஒரு நல்ல வார்த்தை பேசத் தெரியவில்லை.

குளிப்பாட்டிக் கபனிட்ட பெரியவர்களுக்கும், தொழுகை நடத்திய இமாம் அவர்களுக்கும், கடையை அடைத்துவிட்டு வந்து தோள் கொடுத்த சூலியா தெரு வியாபாரிகளுக்கும் நாங்கள் என்றும் கடமைப்பட்டவர்கள். அவர்கள் எல்லாருக்கும் முன்னால் அந்தச் சீன அம்மாவுக்கு. ஓடைப்பக்கச் சாய்ப்பை இடித்து வழி விட்டு, அதை எழுதியும் தருவதாக அவரே சொல்லியிருக்கிறார். உங்கள் வீட்டில் இன்னும் ஆட்கள் இருக்கிறார்களே என்றார்.

அச்சுக்குக் கொடுக்குமுன் அத்தாவின் படத்தை எடுத்துப்போய் அவரிடம் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். பிறகு மலாயில், "வெள்ளிக்கிழமை வந்தால் எங்கள் வீட்டுப் பக்கம் குடையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு போவாரே, அவரா? முகத்தை இன்றைக்குத்தான் பார்க்கிறேன்" என்றார்.