கைவிரிப்பு

காது கேளாதவர்கள் யாருக்கும் பார்த்துப் பார்த்துப் பெயர் வைப்பதில்லை. ஆளிடம் எது கண்ணை உறுத்துகிறதோ அதையே பெயராக்கிவிடுவார்கள். மூக்கு நீளமென்றால் மூக்கு, தொப்பையென்றால் தொப்பை. மனசு புண்படுமே என்ற நாசூக்கெல்லாம் அங்கே கிடையாது. இவளுக்கு மோவாயில் ஒரு மச்சம். ஆள்காட்டி விரலால் மோவாயைத் தொட்டால் அது இவள். நாமும் மச்சக்காரி என்றே அழைப்போம். அதிர்ஷ்டக்காரி என்றும் அதற்கு ஒரு பொருள் உண்டு. அது இவளுக்கு எவ்வளவு பொருந்தும் என்பதை நான் சொல்லப்போவதில்லை.

நிதியமைச்சருக்கும் ஒரு பெயர் இருந்தது. சட்டைப் பையை ஒரு தட்டு தட்டிவிட்டு இரண்டு கைகளையும் விரித்தால் நிதியமைச்சர். அந்த நாற்காலியில் ஆட்கள் வந்தார்கள், போனார்கள். ஆட்சியே மாறியது. இந்தப் பெயர் மட்டும் மாறவில்லை.

மச்சக்காரியின் தம்பிக்குத் தவழும் வயதில் காய்ச்சல் கண்டு காது போனது. "வாயுள்ள பிள்ளை பிழைக்கும்னு சொல்வாங்க. இவன் எப்படிப் பிழைப்பான்?" என்று அம்மா அழுதுகொண்டே இருந்தாள். மச்சக்காரி அழவில்லை. சின்னப் பெண்ணுக்கு அழ எங்கே நேரம்? தம்பிக்குப் பசித்தால், வயிறு வலித்தால், பக்கத்து வீட்டு நாய் துரத்தினால், அவன் கை சொல்வதை இவள் வாய்தான் வீட்டுக்குச் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடம் போய் அவன் முறையான கைமொழியைக் கற்று வந்தான். அக்காவுக்கும் அவனே கற்றுக்கொடுத்தான், தப்பாகக் காட்டினால் விரலிலேயே ஒரு அடி போட்டு.

அந்தப் படிப்புதான் அவளுக்குச் சோறு போட்டது. ஆஸ்பத்திரியில், கோர்ட்டில், போலீஸ் நிலையத்தில் கைக்கும் வாய்க்கும் நடுவில் நின்றாள். பிறகு அரசுத் தொலைக்காட்சியில் தினக்கூலிக்குச் சேர்ந்தாள். திரையின் மூலையில் ஒரு சின்னக் கட்டம், அதற்குள் கருப்பு உடையில், கையில் வளையல் மோதிரம் இல்லாமல் நிற்பாள். கை மட்டும் தெரிந்தால் போதும் என்பது அங்கே விதி.

தம்பி அரசின் தையல் பணிமனையில் இருந்தான். ஆஸ்பத்திரிகளுக்குப் படுக்கை விரிப்பு தைக்கிற இடம். வேலை செய்பவர்கள் அத்தனை பேரும் காது கேளாதவர்கள். சாப்பாட்டு நேரத்துக்கு மணி கிடையாது, கூரையில் தொங்கும் பல்பு அணைந்து அணைந்து எரியும். அந்தக் கூரைதான் பிரச்சினை. மழை வந்தால் மெஷினுக்கு மெஷின் ஒரு வாளி வைக்க வேண்டும். கூரையை மாற்றச் சொல்லித் தையல் மாஸ்டர் ஏறாத அலுவலகம் இல்லை. எல்லா இடத்திலும் ஒரே பதில்தான்: நிதியமைச்சர் மனசு வைக்கணும்.

அந்த வருஷம் பட்ஜெட் உரையைக் கைமொழியில் நேரலையாகக் காட்ட மச்சக்காரியை அழைத்தார்கள். நல்லபடியாக முடித்தால் வேலை நிரந்தரம் என்று நிலையத்தில் சொல்லியிருந்தார்கள். அன்று காலை கைப்பேசியை வாங்கிக்கொண்டு, அவளை ஒரு அறையில் உட்காரவைத்துப் பூட்டி, உரையின் பிரதியைக் கையில் கொடுத்தார்கள். எதிரே அமைச்சகத்துச் செய்தி அதிகாரி காவலுக்கு உட்கார்ந்திருந்தார்.

வரிகள், சாலைகள், துறைமுகங்கள் எல்லாம் தாண்டி ஒரு வரியில் அவள் கண் நின்றது. மாற்றுத்திறனாளிகளின் பணிமனைகள் சீரமைக்கப்பட்டு, பொதுத் தொழிற்கூடங்களுடன் ஒருங்கிணைக்கப்படும்.

"சார், இது மூடுறதுதானே?"

"மூடுறதுன்னா எழுதியிருக்கு?"

"இல்ல."

"அப்போ எழுதியிருக்கறதைக் காட்டுங்க."

"அதான் சார் கஷ்டம். சீரமைக்கறதுன்னா, ஒண்ணு ரிப்பேர் பண்றதுன்னு காட்டலாம், இல்ல மூடுறதுன்னு காட்டலாம். நடுவுல ஒண்ணு இல்ல."

அதிகாரி கதவைத் திறந்துகொண்டு போனார். திரும்பி வந்தபோது கூடவே நிதியமைச்சரும் வந்தார். தொலைக்காட்சியில் தெரிவதைவிட ஆள் குள்ளம். தூக்கம் கெட்ட கண். உரையைப் பாதி மனப்பாடம் செய்தபடியே வந்தவர், அவள் சொன்னதைக் கேட்டதும் சிரித்துவிட்டார்.

"நடுவுல ஒண்ணு இல்லாத பாஷையா? அதுல என்னால ஒரு நாள் மந்திரியா இருக்க முடியாதும்மா."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. "என் தம்பி அங்கதான் ஐயா வேலை பாக்கறான்," என்றாள்.

அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "பாரும்மா. கேக்கறவங்களுக்கெல்லாம் குடுக்க என்கிட்ட இல்ல. இல்லைன்னு நேரா சொன்னா கடன் குடுத்தவன் பயப்படுவான், கூட்டணிக்காரன் ஓடிடுவான், என் கட்சிக்காரனே என்னைக் கடிச்சுக் குதறுவான். இல்லைங்கற வார்த்தைக்கு நல்ல உடுப்பு மாட்டி அனுப்பறதுதான் என் வேலை. எனக்கு முன்னாடி இருந்தவங்களும் அதைத்தான் பண்ணாங்க." எழுந்தவர் வாசலில் நின்று, "நல்லவிதமாவே காட்டுங்க," என்றார்.

கொடுமைக்காரர் என்று அவரைச் சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் அவர் குரலில் கொடுமை இல்லை, அலுப்புதான் இருந்தது.

மச்சக்காரி கணக்குப் போட்டாள். தம்பி வேலை போகத்தான் போகிறது. தன் வேலையும் போனால் அம்மாவின் மருந்துக்கு யார் கொடுப்பது? விளக்குகள் எரிந்தன. அமைச்சர் அவையில் எழுந்து பேச, அவள் கைகள் நிலையத்தில் பேசின. அந்த வரி வந்தது. கூரை என்று காட்டினாள். சுத்தியலால் அடிப்பதுபோல் காட்டினாள். புதுசு என்று காட்டினாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்பார்கள். இவள் இரண்டு கைக்குள்ளேயே மறைத்துவிட்டாள்.

வீட்டுக்கு உண்மையைச் சொல்லிவிடும் எண்ணத்தோடுதான் போனாள். கதவைத் திறந்த தம்பி அவளைத் தூக்கி ஒரு சுற்று சுற்றினான். அவன் கைகள் குதித்தன. "மாஸ்டர் அழுதுட்டாரு, அக்கா! வாளியெல்லாம் கழுவிப் பரண்ல போட்டுட்டோம்!" ஒரு கையால் அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு மறு கையால் காற்றில் கூரை கட்டினான். நாளைக்குச் சொல்லலாம் என்று மச்சக்காரி நினைத்தாள். நாளை என்ற சொல்லைக் கண்டுபிடித்தவனைத்தான் உதைக்க வேண்டும்.

அடுத்த தெருவில் கண் தெரியாதவர்கள் நாற்காலி பின்னுகிற பணிமனை ஒன்று இருந்தது. அவர்கள் உரையை வானொலியில் கேட்டார்கள். காதால் மந்திரிகளைக் கேட்டே வளர்ந்தவர்களுக்குச் சீரமைப்பு என்றால் என்னவென்று தெரியாதா? மறுநாளே ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு அவை வாசலில் போய் உட்கார்ந்துவிட்டார்கள். ஓட்டெடுப்புக்கு முன்பே அவர்களுடைய பணிமனை சீரமைப்புப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது.

தையல் பணிமனையிலிருந்து யாரும் போகவில்லை. நன்றி சொல்ல விரும்புவதாகத் தொலைக்காட்சிக்குச் சொல்லி அனுப்பினார்கள். நிலையம் கேமராவோடு மச்சக்காரியையும் அனுப்பியது. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு எல்லோரும் வரிசையாக நின்றார்கள். மாஸ்டர் நெஞ்சில் கை வைத்து, கூரை என்று காட்டி, மேலே பார்த்துக் கும்பிட்டார். பின்வரிசையில் தம்பி அக்காவைப் பார்த்துக் கண்ணடித்தான்.

"எங்கள் பணிமனையைச் சீரமைக்கும் நிதியமைச்சருக்கு எங்கள் நன்றி," என்றாள் மச்சக்காரி ஒலிவாங்கியில்.

கூரை என்று சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு சொல். கேட்கிறவர்களில் ஒருவராவது, எந்தக் கூரை என்று கேட்டிருப்பார். அவள் சொல்லவில்லை. பயனாளிகளே வரவேற்கிறார்கள் என்று அந்தக் காட்சியைச் சொல்லி அமைச்சர் அவையில் பேசினார். தீர்மானம் நிறைவேறியது.

மழைக்காலம் தொடங்கியபோது பணிமனைக் கதவில் ஒரு பூட்டும் ஒரு காகிதமும் தொங்கின. சீரமைப்பின் பொருட்டு இப்பணிமனை மூடப்படுகிறது. தம்பி அதை அப்படியே கிழித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான். மேஜைமேல் வைத்து, சீரமைப்பு என்ற சொல்லில் விரலை ஊன்றினான். பிறகு அவள் திரையில் காட்டியதை அப்படியே காட்டினான்: கூரை, சுத்தியல், புதுசு. மறுபடி விரலைச் சொல்லுக்குக் கொண்டுபோனான்.

"அப்படித்தான்டா காட்டச் சொன்னாங்க," என்று அவள் கை சொன்னது.

"உனக்கு அப்பவே தெரியுமா?"

பொய் சொல்ல அவள் கையில் இனித் தெம்பில்லை. தெரியும் என்று தலையை ஆட்டினாள். அம்மாவைக் காட்டினாள், மருந்தைக் காட்டினாள், என் வேலை என்று காட்ட ஆரம்பித்தாள். தம்பி கண்ணை மூடிக்கொண்டான். கைமொழிக்காரர்களுக்குள் அதைவிடப் பெரிய வசவு கிடையாது. மூடிய கண்ணுக்கு முன்னால் அவள் கைகள் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்துவிட்டு நின்றன. வெட்கம் அவளைப் பிடுங்கித் தின்றது.

அவளுக்கு நிரந்தர வேலைக்கான உத்தரவு வந்தது. தையல் பணிமனை ஆட்களை எந்தப் பொதுத் தொழிற்கூடமும் எடுத்துக்கொள்ளவில்லை. சொன்னால் காதில் விழாத ஆளை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று கேட்டார்கள். மெஷின்களை ஏலம் விடும் நாளில், தம்பி சாப்பிடாமல் போய்விட்டானே என்று மச்சக்காரி சாப்பாட்டுத் தூக்கோடு பணிமனைக்குப் போனாள். பழைய ஆட்கள் உள்ளே மெஷின்களைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். எதற்குத் துடைக்க வேண்டும்? ஆனாலும் துடைத்தார்கள். கூரை ஒழுகியது. பரணிலிருந்த வாளிகள் மறுபடி இறங்கியிருந்தன.

வாசலில் நின்ற மாஸ்டர் அவள் வருவதைப் பார்த்தார். உள்ளே திரும்பி, பல்பை அணைத்து எரியவிட்டு, எல்லோரும் பார்க்கும்படி சட்டைப் பையை ஒரு தட்டு தட்டிவிட்டு இரண்டு கைகளையும் விரித்தார்.

நிதியமைச்சர் வருகிறாரா? மச்சக்காரி சட்டென்று திரும்பிப் பார்த்தாள். தெருவில் கார் இல்லை, ஆள் இல்லை, மழை மட்டும்தான்.

உள்ளே ஒவ்வொருவராகத் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தார்கள். ஒரு பையன் அந்தப் பெயரைத் தன் கையால் ஒரு முறை போட்டுப் பார்த்தான். அவள் தம்பியைத் தேடினாள். மோவாயைத் தொட்டு, இல்லை, இவள் மச்சக்காரி என்று அவனாவது சொல்லமாட்டானா?

தம்பியும் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். அவன் கைகள் மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தன.