யாரும் இல்லாத லயம்

இன்னிக்கு ஈப்போவிலேருந்து சுங்கை சிப்புட் போற பஸ்ல, பக்கத்து சீட்டில் ஒரு வெள்ளைக்காரர். உலகம் பூரா விசித்திரமான இடங்களாத் தேடிப் போறவராம். எனக்கும் ஊர் சுத்துற கிறுக்கு உண்டு. பேச்சு களைகட்டியது.

அடுத்து எங்கேன்னு கேட்டேன். போனை நீட்டினார்.

"கைவிடப்பட்ட ரப்பர் தோட்டம். மனித நடமாட்டமே கிடையாது."

படத்தில் இருந்தது எங்க மாமா குடியிருக்கிற லயம், தோட்டத் தொழிலாளிங்களோட வரிசை வீடு. கொடியில் அவர் கைலி காயுது!

"இங்க ஆள் இருக்காங்க" என்றேன்.

"பேயா?" என்று கேட்டவர், நான் விளக்குறதுக்குள்ள சந்தோஷமா இறங்கிப் போயிட்டார்.

பதறிப்போய் மாமாவுக்குப் போன் போட்டு, ஒரு வெள்ளைக்காரர் லயத்தைப் பாக்க வாராருன்னு சொன்னேன்.

"நம்ம இடத்தைப் பாக்கவா அவ்ளோ தூரத்திலேருந்து வாராரு? இரு, சட்டையப் போட்டுக்கிறேன். பாலில்லாத தே ஓ குடிப்பாரா?"

ஆளில்லாத இடத்தைப் பாக்கத்தான் வாராருன்னு மாமாகிட்ட எப்படிலா சொல்றது? நீங்களே சொல்லுங்க.