ஒரு வாரம் மட்டுமே செல்லும் வார்த்தைகள்

அன்று மாடியில் இருந்தவர்கள்: மொழி வகுப்பு நிலையத்தின் முதலாளி சுகுணா மேடம், கோலாலம்பூரிலிருந்து புதிதாக வந்த ஸ்பானிஷ் ஆசிரியை, கவுண்டரில் வேலை செய்த கவிதா, பதினெட்டுப் பிள்ளைகள், அவர்களுடைய பெற்றோர், கிள்ளானில் இதே பெயரில் கிளை திறக்க முன்பணம் கட்டியிருந்த ஒரு தம்பதி. இல்லாதவன் நான். கீழே கோப்பிக் கடையில் இருந்தேன், சரியாக அவர்கள் கால்களுக்கு அடியில்.

போன வாரம் இது திரும்ப நினைவுக்கு வரக் காரணம் ஒரு சாத்தே கடை. கோலசிலாங்கூரில் கரியை விசிறிக்கொண்டிருந்தவர் கையில் பிளாஸ்டிக் உறை போட்ட ஓர் அட்டை. ஓரம் உருகி, இறைச்சி வாசனையையும் மீறி நாறியது. அதில் ஒரு குரங்குப் படம், கீழே ஸ்பானிஷில் ஒரு கேள்வி. என் கேள்வி. பசியில்லாமலே பத்துக் குச்சி வாங்கினேன். அந்த அட்டை கருகுவதைப் பார்த்துக்கொண்டு நிற்க ஒரு சாக்கு வேண்டுமே.

நான் ஸ்பானிஷ் வாத்தியார் ஆனது ஆசைப்பட்டு அல்ல. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுசாக முடித்த முதல் ஆள் நான். பல்கலைக்கழகத்தில் மூன்றாம் மொழி ஒன்று எடுத்தே ஆகவேண்டும் என்றார்கள். ஜப்பானிய மொழிக்கு வரிசையில் நின்றேன், இடம் தீர்ந்துவிட்டது. மிச்சமிருந்தது ஸ்பானிஷ். எதையும் அரைகுறையாகப் படிக்கத் தெரியாத பிறவி என்பதால் அதையும் விழுந்து விழுந்து படித்தேன்.

பிள்ளைகள் பதினெட்டுப் பேரும் ஸ்பெயின் பந்தாட்டப் பைத்தியமான அப்பாக்களால் சனிக்கிழமைதோறும் அனுப்பி வைக்கப்பட்டவர்கள். ஒரு நிமிடம் சும்மா இருக்கமாட்டார்கள். அதட்டினால் என் தொண்டைதான் கட்டும். அதனால், நான் கூப்பிட, அவர்கள் பதில் சொல்லி அடங்கும் வார்த்தைகளை உண்டாக்கினேன். “தோந்தே எஸ்தா எல் மோனோ?” என்பேன். குரங்கு எங்கே? மெலாவத்தி குன்றுக் குரங்குகளிடம் கச்சான் கடலைப் பொட்டலத்தைப் பறிகொடுக்காத பிள்ளை இந்த ஊரில் ஏது. “ஆக்கி” என்று எல்லோரும் தலையில் கை வைப்பார்கள். இங்கே என்று அர்த்தம். தலையில் கை இருக்கும்போது ஏனோ வாய் பேசுவதில்லை. “பெஸ்காதோ?” மீன். “ஃப்ரீத்தோ.” பொரித்தது. இது சுங்கை செம்பிலாங் மீன்காரர் மகள் யோசித்துச் சொன்னது. சொல்லிவிட்டு உதட்டை இறுக்கி மூடிக்கொள்வாள்.

ஆனால் ஒவ்வொரு வார்த்தைக்கும் ஆயுள் ஒரு வாரம்தான். அந்தச் சட்டம் ஸ்பெயினில் கிடைத்ததல்ல, கலும்பாங் பக்கத்து எஸ்டேட்டில் கிடைத்தது. அப்பா அங்கே செம்பனைக் குலை அறுத்தவர். நேரத்துக்கு முன்னால் யார் கோப்பி குடிக்க உட்கார்ந்தது என்று பிடிப்பதற்காக, வேலையை மேற்பார்வை பார்க்கும் மண்டோர் மோட்டார் சைக்கிளைத் தூரத்தில் நிறுத்திவிட்டு நடந்து வருவார். முதலில் பார்ப்பவர் ஒரு காய்கறியின் பெயரைக் கத்துவார். இந்த வாரம் முருங்கைக்காய் என்றால் அடுத்த வாரம் பீர்க்கங்காய், மண்டோருக்கும் காது உண்டு என்பதால். ஒருமுறை, யார் யார் பதறி எழுந்து ஓடுகிறார்கள் என்று பார்க்க மண்டோரே மரத்துக்குப் பின்னால் நின்று முருங்கைக்காய் என்று கத்தினாராம். அது போன வாரத்துக் காய். உடனே எல்லோரும் மரங்களைத் தட்டி, ஊளையிட்டு, யார் எங்கே என்றே தெரியாதபடி செய்துவிட்டார்கள். பழைய வார்த்தையைச் சொல்பவன் நம் ஆள் இல்லை. என் வகுப்பிலும் அதேதான். பழைய வார்த்தை காதில் விழுந்தால், புது வார்த்தை வரும்வரை காலால் தரையை உதைக்க வேண்டும். சில வாரம் வேண்டுமென்றே நானே தவறாகச் சொல்வேன். அவர்களுக்கு அது திருவிழா.

மேடம் கதவோரம் நின்று கைப்பேசியில் படம் பிடிப்பார். ஐந்து மாதம் கழித்து என் கேள்விகள் இருபது அட்டைகளாக அச்சாகி வந்தன. ஒவ்வொன்றின் தலையிலும் ‘சுகுணா முறை’. முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தேன்.

“மேடம், ஓரத்துல சின்னதா என் பேரு போட்டிருக்கலாமே.”

“போட்டா பேரண்ட்ஸ் கேப்பாங்க தம்பி, இவரு ஸ்பெயின்ல படிச்சவரான்னு. நான் என்ன சொல்ல, எஸ்டேட்டுல படிச்சவருன்னா?”

அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. என் பெயரை மட்டும் பார்த்தால் தெரியும். ரிப்போர்ட் கார்டில் கைநாட்டு வைத்து வைத்துப் பழகியது. அச்சடித்த ஒன்றில் அதை அவருக்குக் காட்ட வேண்டும். அந்த அட்டைகளிடம் நான் கேட்டது அவ்வளவுதான்.

அடுத்த வாரம், மாத முடிவோடு நான் நின்றுகொள்ளலாம் என்றார் மேடம். புது ஆசிரியை வருகிறாராம்.

“அவங்களுக்கு ஏதாச்சும் சொல்லிக் கொடுக்கணுமா?”

“ஒண்ணுமில்ல மேடம். எல்லாம் கார்டுல இருக்கு.”

நான் சொன்ன பொய்களிலேயே ருசியானது அதுதான். கடைசி வகுப்பில் கதவைச் சாத்திவிட்டு, பிள்ளைகள் தேர்ந்தெடுத்த புது வார்த்தையைக் கிசுகிசுத்துப் பழகினோம். ஆளுக்கொரு மிட்டாய் கொடுத்து, சட்டம் ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கு சார் என்றார்கள். நான் தூண்டிவிடவில்லை என்று பல நாள் சொல்லித் திரிந்தேன். தூண்டித்தான் விட்டேன்.

அதற்கடுத்த சனிக்கிழமைதான் பெற்றோர் நாள். பத்து மணிக்கு மைக்கில் மேடத்தின் குரல்: குரங்கு எங்கே? ஒரு நொடி சத்தமே இல்லை. அந்த நொடியை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன். பிறகு முப்பத்தாறு கால்கள். பழைய கடைவீடு, மாடியில் பலகைத் தரை. கடையின் விசிறி ஆடியது, என் கோப்பியில் தூசி விழுந்தது. மேலே யானை வளர்க்கிறார்களா என்று கடைக்காரச் சீனர் மலாயில் கேட்டார். மேடம் மீனுக்குப் போனார். உதை இன்னும் பலமானது. மூன்றாவது அட்டை, நான்காவது அட்டை. இருபதும் செத்தவை.

கவிதா படியிறங்கி ஓடிவந்தாள்.

“அண்ணே, நிறுத்த மாட்டேங்குதுங்க லா. புது டீச்சருக்கு அழுகையே வந்துரும். கிள்ளான் ஆளுங்க எழுந்துட்டாங்க. அந்த வார்த்தைய மட்டும் சொல்லிடுங்க.”

“மேடம் அனுப்பினாங்களா?”

“இல்ல, நானாத்தான் வந்தேன்.”

“அப்ப உக்காந்து ஒரு கோப்பி குடி.”

சற்று நேரத்தில் மேடமே பாதிப் படிவரை இறங்கி வந்தார். “என்னடா வார்த்தை அது?” தம்பி போய் டா வந்திருந்தது.

“ஸ்பெயின்ல படிச்சவங்க யாரையாச்சும் கேளுங்க மேடம்.”

திரும்பி ஏறிப் போனார். புது ஆசிரியையை நினைத்தால் மட்டும் உறுத்தும். கொஞ்சம்தான்.

ஆறு மாதத்தில் நிலையம் மூடியது. மாடியில் இப்போது கைப்பேசி உறை விற்கிறார்கள், பலகையை எடுத்துவிட்டு சிமெண்ட் போட்டாயிற்று. மீன்காரர் மகள் இடைநிலைப்பள்ளிக்குப் போய்விட்டாள். சந்தையில் பார்த்தபோது, எல்லாம் மறந்துபோச்சு சார் என்றாள். நான் ரவாங்கில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் இருக்கிறேன். அப்பா இன்னும் என் பெயரை அச்சில் பார்க்கவில்லை. கிள்ளான் தம்பதி திரும்ப வாங்கிய முன்பணம், பெற்றோர் திரும்ப வாங்கிய கட்டணம், அட்டை அச்சுக்கூலி எல்லாவற்றையும் கவிதா எனக்காகக் கூட்டிச் சொன்னாள். ஓரத்தில் ஒரு பெயரைப் போட மறுத்ததற்கு மேடத்துக்கு ஆன செலவு, முப்பத்தோராயிரத்து எழுநூறு வெள்ளி.